குணாவுக்குக் கொடுத்த விலாசம்

1

இந்த வாரம் எங்கள் ஊரில் மறுபடியும் சிவப்புக் கொடி ஏறிவிட்டது. கட்சிக் கொடி என்று நினைத்துவிட வேண்டாம். ஐஸ் ஹாக்கிக் குழுவின் கொடி. விளக்குக் கம்பம், கார் ஜன்னல், பல் மருத்துவர் வாசல், பக்கத்து வீட்டு நாயின் கழுத்து என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவின் தெற்கே, வருடத்தில் பாதி நாள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற இந்த ஊரில், பனிக்கட்டியின் மேல் சறுக்கி ஆடுகிற ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

கொடி ஏறினால் பிளேஆஃப் வந்துவிட்டது என்று அர்த்தம். லீக் ஆட்டங்கள் முடிந்து, தேறிய குழுக்கள் மட்டும் ஒன்றோடொன்று மோதி, தோற்றவர்கள் மூட்டை கட்டுகிற கட்டம் அது. கொடியோடு கூடவே ஓர் அறிவிப்பும் வரும். இந்த ஆட்டங்களின் டிக்கெட் உள்ளூர் ரசிகர்களுக்கு மட்டும்தான். பணம் கட்டும் அட்டைக்கு பில் எந்த விலாசத்துக்குப் போகிறதோ அந்த விலாசம் இந்த ஊரிலோ சுற்றியுள்ள மாவட்டங்களிலோ இருக்க வேண்டும். வெளியூர் விலாசத்தில் வாங்கியது தெரிந்தால் டிக்கெட்டை ரத்து செய்து பணத்தைத் திருப்பிவிடுவார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. கனடாவிலிருந்து ஒரு குழு வந்தால் அவர்களுடைய ரசிகர்கள் விமானம் பிடித்துக் கூட்டமாக வந்து அரங்கத்தில் பாதியை வாங்கிவிடுகிறார்கள். அங்கே டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு, இங்கே சுலபம். அப்புறம் நம் குழு சொந்த மைதானத்திலேயே யாரோ வீட்டு விருந்தாளி மாதிரி விழித்துக்கொண்டு ஆட வேண்டியிருக்கிறது. ஊர்க்காரனுக்கு ஊர் ஆட்டத்தைப் பார்க்க இடமில்லை என்றால் வயிறு எரியத்தானே செய்யும்.

போன வருடம் வரை இந்த அறிவிப்பை நான் படித்ததுகூட இல்லை. இப்போது அது கண்ணில் பட்டாலே பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன். ஏன் என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் காரைக்காலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

2

காரைக்கால்காரர்களுக்கு எல்லை என்பது பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டுகிற சமாச்சாரம். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பாண்டிச்சேரி அரசாங்கம், அந்தப் பக்கம் தமிழ்நாட்டு அரசாங்கம். இரண்டு பக்கமும் அதே நெல்தான், அதே பேச்சுதான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. என் அத்தையை அப்படித்தான் அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கட்டிக் கொடுத்தார்கள்.

சிக்கல் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்ததும் வரும். இந்தப் பக்கத்துக் கல்லூரி இடங்களில் பாண்டிச்சேரி மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. அதற்குக் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும். அப்போதுதான் அந்தப் பக்கத்து அத்தைகளுக்கெல்லாம் தாய் வீட்டு விலாசம் ஞாபகத்துக்கு வரும். எங்கள் பக்கத்தில் தாய்மாமனின் கடமைகள் என்று ஒரு வரிசை இருக்கிறது. காது குத்தும்போது மடியில் உட்கார வைப்பது, கல்யாணத்துக்குச் சீர் செய்வது. என் அப்பாவின் காலத்தில் அந்த வரிசையில் விலாசம் கொடுப்பதும் சேர்ந்துவிட்டது.

விழிதியூரில் நிலம் வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு தலத்தெருவில் வீடு கட்டி இருந்தவர் அப்பா. அந்த வீட்டு விலாசத்தில் காகிதப்படி குடியிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வந்து படுத்திருந்தால் அப்பா வைக்கோல்போரில்தான் படுத்திருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், டீக்கடையில் உட்கார்ந்து, "வெளியூர்க்காரன்லாம் வந்து நம்ம புள்ளைவ சீட்டப் புடுங்கிட்டுப் போறான்யா" என்று சத்தம் போடுகிறவர்களில் அவரும் ஒருவர். இரண்டும் அவருக்கு இடிக்கவில்லை. வெளியூர்க்காரன் வேறு, தங்கச்சி மகன் வேறு.

அத்தை மகன் குணசேகரனுக்கு இஞ்சினியரிங் சீட்டுக்காகச் சான்றிதழ் எழுதிப் போட்டபோது, விசாரிக்க ஒருவர் வந்தார். அவர் வருவது காலையில்தான் தெரியும். அம்மா அவசர அவசரமாக என் சட்டைகளைக் கொடியிலிருந்து எடுத்துவிட்டு, குணாவின் சட்டை ஒன்று எப்போதோ எங்கள் வீட்டில் தங்கிப்போயிருந்ததே, அதை நனைத்துக் காயப் போட்டாள். வந்தவர் என்னைத்தான் கேட்டார்.

"குணசேகரன் எங்க தம்பி?"

"குளத்துக்குக் குளிக்கப் போயிருக்கான் சார்."

"இங்கதான் இருக்கானா?"

"ஆமா சார், இங்கதான் இருக்கான். என் பக்கத்துலதான் படுப்பான்."

குணா அந்த நேரத்தில் அவன் ஊரில் வரப்பில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தான் என்று பிற்பாடு அவனே சொன்னான். வந்தவர் கொடியில் சொட்டிக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மோர் குடித்துவிட்டுப் போனார். அன்று மதியம் எனக்கு மட்டும் இரண்டு முட்டை. பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை. அத்தை மகன் எங்கே படுத்தால் என்ன, அவன் வீடு இதுதானே என்றுதான் இருந்தது.

எங்கள் தெருவில் இன்னொரு வீட்டில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தின் மிச்சமாகப் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். பிரான்ஸுக்கு அவர் போனதே இல்லை. ஆனால் அந்த நாட்டு ஜனாதிபதி தேர்தலென்றால் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஓட்டுப் போடக் கிளம்பிவிடுவார். யாரும் அவரை விசித்திரமாகப் பார்த்ததில்லை. ஆள் ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம் என்பது எங்கள் ஊரில் ஆச்சரியப்பட வேண்டிய விஷயமே கிடையாது.

3

என் மகள் இனியா இந்த ஊரில் பிறந்தவள். சின்ன வயதில் தமிழில் அழுதுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போனதும் ஆங்கிலத்தில் அழ ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு எங்கள் முன்னால் அழுவதையே நிறுத்திவிட்டாள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். எல்லா வீட்டிலும் நடப்பதால் வலி குறைவதாக எனக்குத் தெரியவில்லை.

அவளுக்குப் பிடித்தது ஹாக்கி. பள்ளியில் யாரோ கூட்டிப்போய்க் காட்டினார்கள், அதோடு சரி. குழுவின் உறுப்பினர் கணக்கு ஒன்றை அவளுக்காகத் தொடங்கியபோது அவள் மைனர். ஆகவே கணக்கு என் பெயரில், என் தொலைபேசி எண்ணில், எங்கள் வீட்டு விலாசத்தில் இருந்தது. பின்னால் கல்லூரியில் படித்துக்கொண்டே ஒரு பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்த்து, அவளே பணம் கட்டிக்கொண்டாள். பெயர் மாற்ற வேண்டும் என்று இரண்டு பேருமே சொல்லிக்கொண்டிருந்தோம், செய்யவில்லை. மேல் அடுக்கில் வருடா வருடம் அதே இருக்கை அவளுக்கு. முன்வரிசையிலும் பின்வரிசையிலும் இருக்கிறவர்கள் அவளுடைய பரீட்சை எப்போது என்பதுவரை தெரிந்து வைத்திருந்தார்கள். அது எனக்கே தெரியாது.

நான் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். விடியும் முன்னே போய், ஊராரின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு மாலையில் வந்து சோபாவில் விழுவேன். அவள் டிவியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்பாள். முதலில் எனக்குப் பந்தே கண்ணுக்குத் தெரியவில்லை. அது பந்தே இல்லை, கறுப்பு ரப்பர் வட்டு என்று சொல்லிக்கொடுத்தாள். யாரை எதற்காக வெளியே உட்கார வைக்கிறார்கள், எந்தக் கோட்டை எப்போது தாண்டக்கூடாது என்று பொறுமையாகச் சொன்னாள். நான் கேட்ட கேள்விகளில் பாதி, பதில் தெரிந்தே கேட்டவை. எங்களுக்குள் வேறு பேச்சு மிச்சமில்லாத நாட்களில் அது ஒன்று இருந்தது.

போன வருடம் சொந்த மைதானத்தில் நடக்கிற முதல் பிளேஆஃப் ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினாள். வழக்கமாகக் கூட வருகிற தோழி வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

"இந்த வாட்டி நீங்க வரணும்ப்பா. அடுத்த வருஷம்னு சொல்லக்கூடாது" என்றாள்.

எனக்கென்று சிவப்புச் சட்டை ஒன்றும் வாங்கிவந்தாள். என் தொப்பையைச் சரியாகக் கணக்குப் பண்ணியிருந்தாள். வேலையில் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது என் மனைவி சுமதி, "தீமிதிக்குக் காப்புக் கட்டின மாதிரில்ல நிக்கிறீங்க" என்றாள். உள்ளபடியே அப்படித்தான் இருந்தது. மகள் என்னை ஓர் இடத்துக்குக் கூப்பிட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது.

4

அந்த வாரம்தான் குணா கனடாவிலிருந்து கூப்பிட்டான். இஞ்சினியராகி, பல நாடு சுற்றி, கடைசியில் அங்கே நிலைத்துவிட்டான். அவன் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த ஊர்க் குழுவுக்கு உயிரை விடுகிறவர்கள்.

"மாப்ள, ஒங்க ஊரோட எங்க ஊருதான் மோதுது, பாத்தியா?"

"இனியா சொன்னா மச்சான்."

"இங்க டிக்கெட்டு கிட்டயே போவ முடியல. பயலுவ ஒரே நச்சரிப்பு. அங்க வந்து பாத்துட்டுப் போயிரலாம்னு பாத்தா உள்ளூர்க்காரனுக்கு மட்டும்தான்ங்கறான்."

"ஆமா மச்சான், இங்க அப்படித்தான்."

"அதான் நீ இருக்கியே உள்ளூர்க்காரன்!" என்று சிரித்தான். முன்பு இரண்டு வருடம் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது வாங்கிய வங்கி அட்டை அவனிடமும் அவன் மனைவியிடமும் இருந்தது. அதில் விலாசத்தை மாற்றிக்கொண்டால் போதும். "ஒன் அட்ரஸப் போட்டுக்கறேன். என்ன சொல்ற?"

"போட்டுக்க மச்சான். இதையெல்லாம் கேக்கணுமா?"

மனதார மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைப்பானேன். நாடு விட்டு நாடு வந்து, வரி கட்டி, வீட்டுக்கடன் கட்டி, கடைசியில் ஒரு சொந்தக்காரன் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு எனக்கும் ஒரு விலாசம் இருக்கிறது. அப்பா இருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார். குணா குடும்பத்தோடு எங்கள் வீட்டிலேயே வந்து தங்குவது, பிரியாணி போடுவது, அவர்கள் நீலச் சட்டையும் நாங்கள் சிவப்புச் சட்டையுமாக ஒரே காரில் போவது என்று போனிலேயே முடிவாகிவிட்டது.

சுமதிதான், "இனியாக்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"அட்ரஸ்தானே கேட்டான், கிட்னியா கேட்டான்?" என்றேன்.

குணா அவன் பெயரில் ஒரு கணக்கும் அவன் மனைவி பெயரில் ஒரு கணக்கும் திறந்து, இரண்டிலும் டிக்கெட் வாங்கிவிட்டதாக மறுநாள் செய்தி அனுப்பினான். கூடவே கும்பிடுகிற கை.

5

ஆட்டத்துக்கு இன்னும் சில நாட்கள் இருந்தபோது, மதிய உணவு இடைவேளையில் என் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. குழுவின் டிக்கெட் அலுவலகத்திலிருந்து ஒரு பெண். குரல் தேனாக இருந்தது. கணக்கு என் பெயரில் இருந்ததால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் விலாசத்தில் இப்போது மூன்று கணக்குகள் இருக்கின்றன, உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சின்னக் கேள்வி என்றாள்.

"மிஸ்டர் குணசேகரன் உங்களோடு வசிக்கிறாரா?"

அன்றுவரை எந்த அரசாங்கத்துக்கும் எந்தப் படிவத்திலும் நான் தவறான தகவல் கொடுத்ததில்லை. விசாவுக்குக் காத்திருந்த வருடங்களில் ஓர் எழுத்து பிசகிவிடுமோ என்று பயந்து, எழுதியதையே பத்து முறை படித்தவன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆமாம், இங்கேதான் இருக்கிறார். எங்களோடுதான்."

"எவ்வளவு காலமாக?"

"ரொம்ப நாளாக."

"டிக்கெட் கனடாவிலிருந்து வாங்கப்பட்டிருக்கிறதே, சார்?"

"அங்கே போயிருக்கிறார். வந்துவிடுவார்." குளத்துக்குக் குளிக்கப் போயிருக்கிறான் என்று சொல்லாததுதான் பாக்கி.

அவள் நன்றி சொன்னாள். அப்படியானால் ஒரே வீட்டைச் சேர்ந்த மூன்று கணக்குகளாக இதை எடுத்துக்கொள்வதாகவும், அங்கே வசிப்பதற்கான சான்றை எல்லோரும் நாளைக்குள் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னாள். மின்சார பில், ஓட்டுநர் உரிமம், ஏதாவது. குணாவின் பெயரில் எங்கள் வீட்டு மின்சார பில்லுக்கு நான் எங்கே போவேன்? ஈரச் சட்டையைக் கொடியில் போட்டுக் காட்டினால் ஒத்துக்கொள்கிற ஊரா இது?

என்னுடையதை மட்டும் அனுப்பினால் பொய் வெளியே வந்துவிடும் என்று ஒன்றையும் அனுப்பவில்லை. மறுநாள் மாலை மூன்று கணக்குகளும் ரத்தாகிவிட்டன.

அதன் பிறகு நானே கூப்பிட்டுக் கெஞ்சினேன். வேறொருவர் எடுத்தார். உண்மை முழுவதையும் சொன்னேன். அவன் கனடாவில் இருப்பவன், என் அத்தை மகன், என் விலாசத்தைப் பயன்படுத்திக்கொண்டான், என் மகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். அத்தை மகன் என்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கிற ஒரே ஒரு சொல்லில் ஒரு சத்தும் இல்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதைத்தான் சார் முதல் முறை கேட்டோம். அவர் அங்கே வசிக்கவில்லை என்று நீங்கள் சொல்லியிருந்தால் அந்த இரண்டு கணக்குகளை மட்டும் நீக்கியிருப்போம்" என்றார். டிக்கெட்டை வாங்கி விற்கிற கூட்டங்கள் இப்படித்தான் ஒரு வீட்டு விலாசத்தில் பல பெயர்களை வைத்துக்கொள்வார்கள், ஆகவே ஒருமுறை ரத்தானால் திரும்பக் கொடுக்கும் வழக்கம் இல்லை என்றும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருப்பேன்.

6

இனியா சமையலறைக்குள் வந்தபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கையில் தொலைபேசி. கணக்கில் இருந்த மின்னஞ்சல் அவளுடையது, செய்தி அவளுக்கும் போயிருந்தது. அவளும் அவர்களைக் கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

"அப்பா, குணா மாமா நம்ம வீட்லயா இருக்காங்க?"

"அது வந்தும்மா..."

"உங்க அப்பாதான் அப்படிச் சொன்னார்னு சொன்னாங்க. நான் எங்க அப்பா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்னு சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்."

கத்தியைக் கீழே வைத்தேன். தலத்தெருவில் நடந்ததைச் சொன்னேன். சட்டையை நனைத்துப் போட்டது, குளத்துக்குப் போயிருக்கிறான் என்றது, வெள்ளரிக்காய். எந்தத் தமிழ் வீட்டில் சொன்னாலும் சிரிப்பார்கள். எத்தனையோ விருந்துகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சுமதிகூட பழக்கத்தில் வாயோரம் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். இனியா கடைசிவரை கவனமாகக் கேட்டாள்.

"அப்ப குணா மாமாவால அந்த சீட் கெடைக்காமப் போனது யாருக்கு?" என்றாள்.

அப்படி ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்பதே அந்தக் கணம்வரை என் தலையில் ஏறியதில்லை. தலத்தெருவிலோ கோட்டுச்சேரியிலோ யாரோ ஒரு பையன், யாரோ ஒரு பெண்.

"இது இங்க இருக்கறவங்களுக்காக வச்ச ரூல்ப்பா. நான் இங்க இருக்கறவ. இங்கயே பொறந்தவ. என்னை வெளிய தள்ளிட்டாங்க, உங்க அட்ரஸால."

உங்க அட்ரஸ் என்றாள். நம்ம அட்ரஸ் என்று சொல்லவில்லை. தமிழில் அவளுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது, வாய் தவறியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவளுடைய தமிழ் அவ்வளவு மோசமில்லை.

"நான் இன்னொரு தடவ பேசிப் பாக்கறேம்மா."

"வேணாம்ப்பா. நீங்க பேசாதீங்க."

7

விமான டிக்கெட் வாங்கிவிட்டபடியால் குணா குடும்பத்தோடு வந்துவிட்டான். அவன் டிக்கெட்டும் போய்விட்டதுதான். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"காசுதான் திரும்பி வந்துருச்சுல்ல, விடு மாப்ள. டிவியில பாத்துட்டுப் போறோம். இதுவும் ஒரு சாக்கு, ஒன்னப் பாக்க."

பெரிய உருவம், பெரிய மனசு. வரும்போது இனியாவுக்கென்று குளிர்கால ஜாக்கெட் ஒன்று வாங்கிவந்திருந்தான், இந்த வெயில் ஊருக்கு. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் கேட்டது, அவன் அம்மா என் அப்பாவிடம் கேட்டதைத்தான். கேட்கக்கூடாத இடம் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் விலாசம் கேட்கிற சொந்தக்காரனிடம் முடியாது என்பதற்கு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பயிற்சி கிடையாது.

ஆட்டத்தன்று எங்கள் கூடத்தில் நீலச் சட்டை போட்ட பிள்ளைகள் சோபாவில் குதித்தார்கள். பிரியாணி நன்றாகத்தான் வந்திருந்தது. இனியா அரங்கத்துக்கு வெளியே பெரிய திரை வைத்திருக்கிற திடலில் நின்று பார்க்கப் போய்விட்டாள். டிவியில் அந்தத் திடலைக் காட்டும்போதெல்லாம் நான் அவள் தலையைத் தேடினேன். எல்லோரும் சிவப்பு. ஒருமுறை மேல் அடுக்கையும் காட்டினார்கள். அவள் இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை.

எங்கள் குழு ஜெயித்தது. திரும்பி வந்தவள், குணாவுக்கு வணக்கம் சொன்னாள், ஜாக்கெட்டுக்கு நன்றி சொன்னாள், தம்பிகளுக்கு ஆறுதல் சொன்னாள். சாப்பிட்டாயிற்று என்று மாடிக்குப் போய்விட்டாள். ஒரு குறையும் சொல்ல முடியாத மரியாதை. வங்கியில் பேசுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

"கோவமா இருக்காளோ?" என்றான் குணா மெதுவாக.

"அதெல்லாம் இல்ல மச்சான்."

"சின்னப் புள்ள. ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்."

8

கோடை விடுமுறையில் இனியா வீட்டை விட்டுப் போனாள். சண்டை போட்டுக்கொண்டெல்லாம் இல்லை. படிப்பு முடிந்து முழுநேர வேலை கிடைத்தது, ஒரு தோழியோடு சேர்ந்து வாடகைக்கு இடம் பிடித்திருந்தாள். இதே ஊரில்தான், ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ. இங்கே பிள்ளைகள் இந்த வயதில் தனியாகப் போவது வழக்கம்தான். ஊரில் கேட்டவர்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறோம்.

போகும் முன் வங்கி, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு என்று எல்லாவற்றிலும் விலாசத்தை மாற்றிக்கொண்டாள். மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடித்தாள். குழுவில் புதிதாகத் தன் பெயரிலேயே ஒரு கணக்கும் தொடங்கியிருப்பதாகச் சுமதி சொன்னாள். பழைய இருக்கை கிடைக்காது, வரிசையில் கடைசியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டுமாம். பெட்டிகளை நான்தான் கீழே தூக்கிவந்தேன். கனமாகத்தான் இருந்தன, ஆனால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

கார் கதவை மூடியபிறகு கேட்டேன்.

"புது அட்ரஸ் சொல்லும்மா. எழுதிக்கறேன்."

"எதுக்குப்பா? யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். மெசேஜ் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். மெசேஜ் வரவில்லை. மறுபடி கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை, சுமதிக்கும் அவள் சொல்லவில்லை. தீபாவளிக்கு வந்தாள், பொங்கலுக்கு வந்தாள். அவள் பிறந்தநாளுக்கு நாங்களே வருகிறோம் என்றபோது ஓர் ஓட்டல் பெயரைச் சொன்னாள்.

நேற்று குணா கூப்பிட்டான். இந்த வருடமும் இரண்டு ஊரும் மோதுகின்றன.

"மாப்ள, ஒன் அட்ரஸ்தான் கெட்டுப்போச்சு. இனியா இப்ப தனி அட்ரஸாமே? பயலுவ கெடந்து துடிக்கிறானுவ. மருமவகிட்ட நான் கேட்டா நல்லாருக்காது, நீயே அத வாங்கிக் குடு."

"அவ அட்ரஸ் எனக்குத் தெரியாது மச்சான்."

"வெளயாடாத."

"சத்தியமாத் தெரியாது."



"பெத்த மவ எங்க இருக்கான்னு ஒனக்குத் தெரியாது. அத நான் நம்பணும்" என்றான் குணா. "குடுக்க மனசு இல்லன்னா இல்லன்னு சொல்லு மாப்ள. என்கிட்ட ஏன் பொய் சொல்ற?"

போனை வைத்துவிட்டான்.